நாலாம் குடிலின் ஜன்னலைத் திறந்தவள்

பசுமைக்குடிலில் அவளுக்குக் 'குறுக்குக்கேள்வி' என்று பேர். எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" என்று நின்றுவிடுகிறாளே என்று பழைய மேலாளர் வைத்தது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவள் அதற்காக முகம் சுளித்ததே இல்லை. கேள்வி கேட்பது என்ன குற்றமா?

நாற்றுத் தட்டு கழுவ வந்தவள், பதினோரு வருஷத்தில் நாலாம் குடிலுக்குப் பொறுப்பாளி ஆனாள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஆயிரத்து இருநூறு வெள்ளரிக் கொடிகள். பழுத்த இலை கிள்ளுவது, கொடியைக் கயிற்றில் சுற்றிவிடுவது, காய் பறிப்பது எல்லாம் அவளும் இன்னும் மூன்று பெண்களும்தான். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் சுவரில் கரியமில வாயுவை அளக்கும் கருவியை மாட்ட வந்த ஆளை அரை நாள் விடாமல் துளைத்தெடுத்துவிட்டாள். இலை காற்றிலிருந்து அந்த வாயுவை இழுக்கிறது, வேர் தண்ணீர் அனுப்புகிறது, இலையின் பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்து இரண்டையும் சர்க்கரையாக்குகிறது, ஆக்சிஜனை வெளியே விடுகிறது என்பதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். அந்தச் சர்க்கரையில்தான் காய் பருக்கிறது.

புது மேலாளர் வந்த குளிர்காலத்தில் வம்பு ஆரம்பித்தது. சூடு வெளியே போகக் கூடாதென்று எல்லாக் குடில்களின் கூரை ஜன்னல்களையும் இறுக்கி மூடச் சொன்னார். கூடவே வரிசைக்கு வரிசை புது விளக்குகள். காய் ஏறவில்லை, இறங்கியது. கொடி அடர்த்தியாக இருந்த நாலாம் குடிலில் ரொம்பவே இறங்கியது.

"மாசக் கடைசிக்குள்ள எடை ஏறணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன். உங்க ஆளுங்களுக்குக் கை ஓடல" என்றார்.

கை ஓடவில்லையாம்! அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் கணவர் முதுகுவலியால் பாதி நாள்தான் வேலைக்குப் போகிறார். இந்த வேலையும் போனால் குடும்பம் ஆட்டம் கண்டுவிடும்.

மறுநாள் அவள் கருவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விடியும்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் எழுநூறு பங்கு வாயு என்று காட்டியது, அது ராத்திரி செடிகள் மூச்சுவிட்டுச் சேர்த்தது. வெயில் ஏறியதும் மளமளவென்று விழுந்து பத்து மணிக்கு நூற்றைம்பதில் நின்றது. வெளிக்காற்றில் நானூறுக்கு மேல். வெளிச்சம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சூடு இருக்கிறது. இலை இழுக்க வாயுதான் இல்லை. இந்த நாலில் எது குறைச்சலோ அதுதான் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். மற்ற மூன்றையும் கொட்டிக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை.

"பேசாம அவர் சொன்னதைச் செய்யேன். நமக்கெதுக்கு வம்பு?" என்றார் அன்று ராத்திரி கணவர்.

"செஞ்சாலும் போகப்போற வேலைதானேங்க. செடியைப் பட்டினி போட்டுட்டு நான் போகணுமா?"

அடுத்த நாள் வெயில் ஏறியதும், காற்று அடிக்காத பக்கமாக இருந்த கூரை ஜன்னல்களை நாலு விரல் அகலம் திறந்தாள். உச்சிவெயிலில் பாதி விளக்கை அணைத்தாள். குளிர்ந்தாலும் இலை மந்தமாகிவிடும் என்பதால் வெப்பமானி இருபது டிகிரிக்குக் கீழே போனால் மூடிவிடுவாள். ஒளிவு மறைவெல்லாம் இல்லை, மேலாளர் சுற்றிவரும் நேரத்திலேயே செய்தாள்.

"யாரும்மா திறக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நான்தான் திறந்தேன்."

"வெளிச்சம் ஏத்தினா காய் ஏறும்னு விளக்குக் கம்பெனிக்காரரே சொல்லியிருக்கார்."

"விளக்கு விக்கிறவர் வேற என்ன சார் சொல்வார்? பானை காலியா இருக்கு, நீங்க அடுப்பை ஏத்திக்கிட்டே போறீங்க."

பக்கத்தில் நின்ற பெண் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலாளருக்கு முகம் கடுகடுவென்று ஆனது. "மூடுங்க" என்றார்.

"மூட மாட்டேன். மூணாம் குடில் மூடியே இருக்கட்டும், இது திறந்திருக்கட்டும். மாசக் கடைசியில ரெண்டையும் எடை போடுங்க. இங்க ஏறலேன்னா நீங்க சொல்லவே வேண்டாம், நானே போயிடறேன்."

தொல்லை தானாகவே ஒழியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் போய்விட்டார்.

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் அவள் ஜன்னலை மூடவில்லை. இரண்டாவது வாரம் பிஞ்சுகள் உதிராமல் நின்றன. மூன்றாவது வாரம் கூடைகள் போதவில்லை. மாசக் கடைசியில் மூணாம் குடில் இன்னும் இறங்கியிருந்தது, நாலாம் குடில் அதைவிட ஒன்றரை மடங்கு. மேலாளர் இரண்டு தடவை எடை போட்டுப் பார்த்தார். அன்றே எல்லாக் குடில்களிலும் ஜன்னல் திறக்க உத்தரவு போனது.

அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "வேலையில இருங்க. ஆனா அனுமதி இல்லாம திறந்ததுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேணும். ஃபைல்ல வைக்கத்தான், வேற ஒண்ணுமில்ல."

இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது. வேலை நிலைக்கும், கணவரும் நிம்மதியாக இருப்பார். ஆனால் அந்த ஃபைலை நாளைக்குப் புரட்டுகிறவன் யாரைக் குற்றவாளி என்று நினைப்பான்? அவள் உட்கார்ந்து நிதானமாக எழுதினாள்.

'நாலாம் குடிலின் ஜன்னல்களைத் திறந்தது நான்தான். இலைகளுக்குக் கரியமில வாயு போதவில்லை. மூடச் சொன்னதுதான் தவறு. மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. இனி மூடச் சொன்னாலும் திறப்பேன்.'

தேதி போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினாள். மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதை எப்படிம்மா ஃபைல்ல வைக்கறது?"

"மேலாப்புல வைங்க சார். அடுத்து வர்ற மேலாளர் கண்ணுல முதல்ல படட்டும்."