இன்றைக்குக் குளிக்க வேண்டாம்

குழந்தை போன பிறகு நான் குளிக்கவில்லை. எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியும், வருகிறவர்களிடமெல்லாம் எண்ணிச் சொல்வாள். ஐந்து மாதக் குழந்தை. ஜுரம் கண்ட மூன்றாம் நாள் போய்விட்டது. அதன் பிறகும் எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. பால் வாசனையும் குழந்தையின் உச்சந்தலையில் வைத்த எண்ணெயின் வாசனையும் என் தோளில் தங்கியிருந்தன. குளித்தால் போய்விடும். அதனால் குளிக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். சொல்லாமல் இருந்ததற்கும் அதைத்தான் சொன்னார்கள்.

பிறகு பல் தேய்ப்பதும் தலை வாருவதும் நின்றன. பேச்சும் நின்றது. ஒரு நாள் என் கணவர் ஜட்கா பேசிக்கொண்டுவந்து என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுவிட்டார். ஏழெட்டு மாதம் இருந்திருப்பேன். அந்த நாட்களை எழுத எனக்கு ஞாபகம் போதாது. தலையெல்லாம் பேன் பிடித்து, முடியை ஒட்ட வெட்டினார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

குணமாகிவிட்டது என்று அனுப்பியபோது சண்டைக்காலம். குண்டு விழும் என்று பயந்து ஊரைக் காலி செய்தவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எனக்கு மட்டும் கூடம் திறக்கவில்லை. கொல்லையில், கிணற்றை ஒட்டி விறகு போடும் அறையை ஒழித்துப் பாய் போட்டிருந்தார்கள்.

குணம் என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்தது. அழுகை நின்றிருந்தது. ஆனால் காலையில் கண் விழித்தால் அடுத்தபடி என்ன என்று உடம்புக்குத் தெரியவில்லை. பல் தேய்க்க வேண்டும் என்று புத்தி சொல்லும். கை மடியிலேயே கிடக்கும்.

என்னைத் தொட்டால் மடி ஆசாரம் கெட்டுவிடும் என்று மாமியார் சொல்லிவிட்டாள். ஆகவே என்னைக் குளிப்பாட்டும் வேலை, சாந்தோம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் வேலைக்காரியின் தலையில் விழுந்தது. முன்பெல்லாம் அவள் என்னை அம்மா என்பாள். இப்போது 'இந்தா' என்றாள்.

முதல் நாள் அவள் நாலு வாளி இறைத்து வைத்துக்கொண்டாள். பிறகு என் தோளைப் பிடித்துத் துவைக்கிற கல்லின் மேல் உட்காரவைத்தாள். தலையில் தண்ணீர் விழுந்ததும் நான் அவள் கையைக் கடித்துவிட்டேன். அவள் மறு கையால் என் கன்னத்தில் அறைந்தாள்.

"கடிக்கிறியா? எனக்குந்தான் மூணு செத்துப் பூட்ச்சு. நான் குளிச்சிக்கினு தானே கீறேன்?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது? வீட்டில் ஒருவரும் குளிக்காததையும் குழந்தையையும் சேர்த்து நினைத்ததில்லை. தேங்காய் நாரால் அவள் என் தோளைத் தேய்த்தாள், தோல் எரிகிற வரைக்கும். குழந்தையின் அந்த வாசனை ஆஸ்பத்திரியிலேயே எப்போதோ போயிருக்கும். ஆனால் எனக்கு அது அன்றுதான் போயிற்று.

அப்புறம் தினமும் நடந்தது. உமிக்கரியை என் விரலில் வைத்து, விரலை அவளே என் வாய்க்குள் தள்ளுவாள். ஈறில் ரத்தம் வரும். துப்பச் சொல்ல மறந்தால் நான் விழுங்கிவிடுவேன். ஒரு மாதத்துக்குப் பிறகு கரியை மாடத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அன்று நானே எடுத்துத் தேய்த்தேன். மறுநாள் முடியவில்லை. ஒரு முறை செம்பைக் கையில் பிடித்தபடி வெயில் உச்சிக்கு ஏறும் வரை நின்றிருக்கிறேன். நகம் வெட்டப் பத்து நாள் ஆயிற்று, நாளுக்கு ஒரு விரலாக.

குளித்து முடித்ததும் மாமியார் சமையலறை வாசற்படியில் நின்று, 'கிட்ட வா' என்பாள். எட்ட நின்று முகர்ந்து பார்ப்பாள். நாற்றம் இன்னும் போகவில்லை என்பாள். எத்தனை பயத்தமாவு தேய்த்தாலும் போகவில்லை. என் கணவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது, மாட்டைப் பற்றி விசாரிப்பதுபோல் அம்மாவிடம் கேட்பார், குளித்தாளா என்று. என்னிடம் கேட்டதில்லை.

ஒரு நாள் வாசல் வரை போனேன். எதிர்வீட்டு மாமி எங்கேயோ நல்ல காரியத்துக்குக் கிளம்பினவள், என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பினாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சற்று உட்கார்ந்திருந்து பிறகு புறப்பட்டாள். என் கழுத்தில் திருமாங்கல்யம் இருந்தது. அவள் பார்த்தது கைம்பெண்ணுடையதுபோல் ஒட்ட வெட்டிய தலையை.

முடி இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தபோது, ஒரு காலையில் மாமியாரே கொல்லைக்கு வந்தாள்.

"இன்னிக்கு நீ குளிக்க வேண்டாம். தலையும் வாரிக்காதே. நேத்திப் புடவையோடயே இரு."

ஏன் என்று கேட்டேன்.

"மாம்பலத்துலேர்ந்து மனுஷா வரா. பாத்துட்டுப் போகட்டும்."

எனக்குப் புரிந்தது. ஒரு மனைவி உயிரோடு இருக்க இன்னொருத்தியைக் கட்டுவதை அப்போது சட்டம் தடுக்கவில்லை. ஊர் வாயை அடைக்கத்தான் ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணமாக நான் அழுக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். வேலைக்காரியையும் அன்று மத்தியானம் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வாளி காலியாக இருந்தது.

நானே இறைத்தேன், முதல் தடவையாக. கயிறு உள்ளங்கையை அறுத்தது. தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்தேன். துவைத்து உலர்ந்த புடவையை மடிசாராகக் கட்டிக்கொண்டேன். குங்குமம் வைத்துக்கொண்டேன். வந்தவர் என்னைச் சுத்தமாகப் பார்த்துவிட்டால், இவளுக்கு என்ன குறை என்று எழுந்து போய்விடுவார். அப்படித்தான் நம்பினேன். கூப்பிடும் முன்பே கூடத்துக்குப் போய் நமஸ்காரம் பண்ணினேன். மாமியாரின் முகம் செத்துப்போயிற்று.

பெண்ணின் தகப்பனார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். குழந்தையைக் கேட்பதுபோல், இன்று என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். நீயே குளிக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பல்லைக் காட்டச் சொல்லாததுதான் பாக்கி. பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"பேஷ். எனக்கு இது ஒண்ணுதான் கவலையா இருந்தது. தன் காரியத்தைத் தானே பண்ணிக்கறாளே. எம் பொண்ணு இவளைக் குளிப்பாட்டிண்டு நிக்க வேண்டாம்."

மாமியாருக்கு உயிர் வந்துவிட்டது. "நாங்கதான் பழக்கினோம்," என்றாள்.

என் கணவர் தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே தட்டு மாற்றினார்கள்.

கல்யாணம் மாம்பலத்தில், பெண் வீட்டில் நடந்தது. என்னை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மருமகள்கள் இருக்கிற வீட்டுக்கு வேலைக்காரி எதற்கு என்று அவளையும் நிறுத்திவிட்டாள் மாமியார்.

வந்தவளுக்குப் பதினேழு வயது. கெட்டவள் இல்லை. வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, கிணற்றடியில் என்னிடம் பேச்சுக்கொடுத்தாள்.

"அக்கா, அப்பா மொதல்ல வேண்டாம்னுதான் சொன்னாராம். உங்களைப் பாத்தப்புறம்தான் சம்மதிச்சார். அவ்வளவு சுத்தமா இருந்தேளாம்."

என்னைப் புகழ்வதாக நினைத்துச் சொன்னாள். நான் அவள் குடத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் எழுந்திருக்கவில்லை. பல் தேய்க்கவில்லை, குளிக்கவில்லை. யாராவது வந்து கேட்பார்கள் என்று பாயிலேயே படுத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வாசற்படியில் சாதத்தட்டு வந்தது, போயிற்று. குளித்தாளா என்று ஆபீசுக்குப் போகிறவர் விசாரிக்கவில்லை. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் மாமியாருக்கு இல்லை. என்னைச் சுத்தமாகக் காட்ட வேண்டியவர்களும் இல்லை, அழுக்காகக் காட்ட வேண்டியவர்களும் இல்லை.

மூன்றாம் நாள் தலை அரித்தது. என் நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை. எழுந்து போய் இறைத்துக் குளித்தேன்.

அந்த வீட்டில் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தேன். முடி தோளுக்கு வளர்ந்தது. அதற்குக் கீழே ஏனோ வளரவில்லை. புதிதாக வருகிறவர்கள் என்னை என் கணவரின் அக்கா என்று நினைத்தார்கள். யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.