தென்தே சரிவின் தோமாசா

தோமாசா செபாயோஸ் தன் பதினோராவது வயதில் அப்பா சாவதைப் பார்த்தாள். மெக்சிகோவில் மிச்சோவகான் மலையில் ஒரு மக்காச்சோளக் கொல்லை. அப்பா வேலியை மூன்று முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்று பக்கத்துக் கொல்லைக்காரனுக்கு ஆத்திரம். வெட்டுக்கத்தியால் கழுத்தில் ஒரே போடு. அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன தோமாசா, ரொட்டி மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி பத்தடி தூரத்தில் நின்றிருந்தாள். வெட்டியவன் அவளைப் பார்த்தான். கத்தியைச் சோளத்தட்டையில் துடைத்தான். நடந்து போய்விட்டான்.

விசாரிக்க வந்தவர்களிடம் ஊரே ஒரே குரலில் சொன்னது, அவராகக் கால் இடறிக் கத்தி மேல் விழுந்துவிட்டார் என்று. பதினோரு வயதுப் பெண் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இருபது வயதில் நபோர் என்பவனைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி கலிபோர்னியாவுக்கு வந்தாள். சொனோமாவின் வடக்கு மலைகளில் லாவெஸ்த்ரி குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது. குளிர்காலத்தில் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து, கோடையில் களை, செப்டம்பரில் அறுவடை. நபோர் நன்றாக வேலை செய்வான். வேலை முடிந்ததும் நன்றாகக் குடிப்பான். குடித்ததும் அவளை அடிப்பான். நான்கு வருடம் அடித்தான். ஒருமுறை விலா எலும்பு முறிந்து, அதோடேயே அவள் ஒரு வாரம் குலை அறுத்தாள்.

ஐந்தாம் வருட அறுவடையில் அது முடிந்தது. பட்டப்பகல், வரிசை முழுக்க ஆட்கள். அவள் பெட்டி தன் பெட்டியைவிடச் சீக்கிரம் நிரம்பிவிட்டது என்பதுதான் நபோரின் கோபம். நிரம்பிய பெட்டியைத் தூக்கி அவள் முதுகில் போட்டான். மண்ணில் விழுந்தவள் எழுந்தபோது அவள் கையில் குலை அறுக்கும் வளைகத்தி அப்படியே இருந்தது. ஒரே இழுப்பு. அவன் முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை திறந்துகொண்டது.

"அடுத்த தடவ கைல இல்ல," என்றாள் தோமாசா. மூச்சு வாங்கியது. "எங்கன்னு நீயே யோசிச்சுக்கோ."

நபோர் துணியைச் சுற்றிக்கொண்டு போனவன்தான். அதன்பிறகு அவனை அந்த மலைப்பக்கம் யாரும் பார்க்கவில்லை. மறுவாரம் இளைய முதலாளி ரென்சோ லாவெஸ்த்ரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்துத் துணிமணிகளை மூட்டை கட்டிவைத்துவிட்டுத்தான் போனாள்.

"இனிமே மேல் சரிவுக்கு நீதான் மேஸ்திரி," என்றார் ரென்சோ. "அங்க வேலை பாக்கற பசங்க எவனும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. நீ சொன்னா கேப்பானுங்க போல இருக்கு."

அந்த மேல் சரிவுக்குத்தான் தென்தே என்று பேர். இத்தாலிய மொழியில் பல் என்று அர்த்தம். சரிவின் நடுவே மனிதப் பல் மாதிரி ஒரு வெள்ளைப் பாறை துருத்திக்கொண்டிருக்கும். லாவெஸ்த்ரி சகோதரர்களின் தாத்தா நட்ட கொடிகள் அவை. கம்பியும் பந்தலும் கிடையாது. ஒவ்வொன்றும் ஆள் தொடை பருமனில், முழங்கால் உயரத்தில், தனித்தனி மரமாக நிற்கும். காய்ப்பு கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் இருந்த சாரம் வேறு எங்கும் கிடையாது.

மூத்தவர் கீதோவும் ரென்சோவும் முட்டிக்கொண்டது இதனால்தான். அவர்கள் அப்பா காலம்வரை எல்லாச் சரிவுப் பழமும் ஒரே தொட்டியில் போகும். அந்த ஒயினுக்கு அப்பாவின் பேர். கீதோவுக்கு அது தேவாலயத்துச் சமாசாரம் மாதிரி. அப்பா செத்த மூன்றாம் வருடம் ரென்சோ தென்தே பழத்தைத் தனியாக எடுத்து, தனித் தொட்டியில் போட்டு, புட்டியில் தென்தே என்று மட்டும் எழுதி ஒட்டினார். குடித்தவர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். ஆனால் தென்தே போய், கீதோ பார்க்கும் அடிவாரப் பழம் மட்டும் மிஞ்சியபிறகு அப்பா பேர் போட்ட ஒயின் சப்பென்று ஆகிவிட்டது. அதைக் கீதோவின் முகத்துக்கு நேராகவே ஒரு விருந்தில் எவனோ சொல்லிவிட்டான்.

"அப்பா பேரத் தண்ணியா ஆக்கிட்டியேடா!" என்று கீதோ கத்துவார்.

"தண்ணி உன் அடிவார வயல்லேர்ந்து வருது. நானா ஊத்தினேன்?" என்பார் ரென்சோ.

தட்டுகள் பறக்கும். ஒருமுறை கீதோ எறிந்த புட்டி, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அவர்கள் அம்மா இல்தாவின் நெற்றியைக் கிழித்தது. நான்கு தையல். அவள் எழுந்து மேஜையைத் துடைத்தாளே தவிர எந்தப் பிள்ளையையும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் வருட அறுவடையின்போது, ஒரு காலை நேரம், தோமாசா ஒயின் கூடத்தில் இருந்தாள். தென்தே பழம் நொதித்துக்கொண்டிருந்தது. ஆளுயரத்துக்கு மேலான மரத்தொட்டி. பாதிக்கு மேல் காலி. மேலே மிதக்கும் பழத்தோலை நாளுக்கு மூன்று தடவை நீண்ட கழியால் உள்ளே அமுக்க வேண்டும். தொட்டியின் வாயில் போட்ட பலகையில் நின்று ரென்சோ அமுக்கிக்கொண்டிருந்தார். நொதிக்கும் சாற்றிலிருந்து கிளம்பும் காற்று தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும். அதற்குள் தலையை விட்டு இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் காலி. கூடத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும் முதல்நாளே சொல்லித்தரும் பாடம் அது.

கீதோ உள்ளே வந்தார். ஏணியில் ஏறினார். சுவரில் சாய்த்திருந்த இன்னொரு கழியை எடுத்தார். ரென்சோ திரும்புவதற்குள் முதுகில் ஓர் அடி, பின்மண்டையில் ஓர் அடி. ரென்சோ சுருண்டு தொட்டிக்குள் விழுந்தார்.

தோமாசா ஏணிக்கு ஓடினாள். பாதி ஏறியிருப்பாள். கீதோ தன் கனமான தோல் செருப்பால் அவள் இடது கையை ஏணிப்படியோடு வைத்து மிதித்தார். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது.

"கீழ இறங்கு. இது எங்க குடும்ப விஷயம்."

"கால எடுங்க, முதலாளி."

"இறங்குடி!"

வலது கையால் இடுப்பிலிருந்த வளைகத்தியை உருவி அவர் கணுக்காலுக்கு மேல் இறக்கினாள். கீதோ அலறிக்கொண்டு பலகையிலிருந்து கீழே சிமெண்ட் தரையில் விழுந்தார். அவள் மேலே போய் எட்டிப் பார்த்தாள். தோல் மிதவை மேல் ரென்சோ குப்புறக் கிடந்தார். உடம்பு சிவப்பில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"செலெரினோ! இங்க வா! என் கால இறுக்கிப் புடி!"

பழம் அழுத்துகிற எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற கூடத்து வேலையாள் செலெரினோ பாய்ந்து வந்தான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இடுப்புவரை தொட்டிக்குள் தொங்கினாள். சக்கை வாரும் கொக்கிக் கழியால் ரென்சோவின் இடுப்புப் பட்டையை மாட்டி இழுத்தாள். கழி நழுவியது. மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி தொங்கினாள். மூன்றாவது தடவையில் அவர் சட்டைக் கழுத்து அவள் கைக்குச் சிக்கியது. உடைந்த கையையும் சேர்த்துத்தான் இழுத்தாள். வெளியே கொண்டுவந்து போட்டபோது ரென்சோவின் உதடு நீலம். செலெரினோ அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கினான். கன்னத்தில் மாறிமாறி அறைந்தான். எத்தனையோ அறைக்குப் பிறகு ஓர் இருமல் வந்தது.

கீதோ ரத்தம் சொட்டச் சொட்ட வாசல்வரை தவழ்ந்து போயிருந்தார். போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போயிற்று.

கோர்ட்டில் வழக்கு வருவதற்கு முந்தின நாள் இல்தா அம்மாள் தோமாசாவின் குடிசைக்கு வந்தாள். கருப்பு உடை. நெற்றியில் பழைய தையல் தழும்பு.

"ரென்சோ வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லு."

"பின்மண்டையில அடி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே, அம்மா?"

"தொட்டி விளிம்பு பட்டுதுன்னு சொல்லு. ஒருத்தன் பாதி உசுரா கெடக்கறான். இன்னொருத்தன நானே ஜெயிலுக்கு அனுப்பணுமா? நீயும் ஒரு பொம்பளதானே?"

"எங்கப்பா தானா கத்தி மேல விழுந்தார்னு எங்க ஊரே சொல்லிச்சு. அப்ப எனக்குப் பதினோரு வயசு. என்னைய ஒருத்தரும் கேக்கல. நாளைக்குக் கேப்பாங்க. கேட்டா சொல்லுவேன்."

இல்தா பளீரென்று அவளை அறைந்தாள். தோமாசா நகரவில்லை. மறு கன்னத்திலும் ஒன்று விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கீதோவுக்கு ஆறு வருடம். அந்த வாரமே அவளுடைய சட்டி பானையெல்லாம் குடிசைக்கு வெளியே கிடந்தன. தோட்ட நிர்வாகத்தைப் பார்த்தது இல்தா அம்மாள்தான். ரென்சோ அப்போது இன்னும் ஆஸ்பத்திரியில். தோமாசா பள்ளத்தாக்கின் மறுகோடியில் வேறொரு தோட்டத்தில் கவாத்துக்குச் சேர்ந்தாள். முறிந்த கை கூடியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் அதன்பிறகு மடங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ரென்சோ அவளைத் தேடி வந்தார். நடை ஒரு பக்கம் இழுத்தது.

"திரும்பி வா, தோமாசா."

"எதுக்கு? கவாத்துக்கா ஆள் இல்ல?"

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு." சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. "மண்டைல பட்ட அடியில போனது. வாசனை தெரியல. ருசியும் இல்ல. ரெண்டு வருஷமா தென்தேயக் குத்துமதிப்பா அறுத்துக் கெடுத்துட்டேன். எப்ப அறுக்கறதுன்னு உனக்குத் தெரியும். நீ பழத்த வாயில போட்டுத் துப்பறத நான் பாத்திருக்கேன்."

"உங்கம்மா என்னைய ரெண்டு அடி அடிச்சாங்க."

"தெரியும். வேணும்னா எனக்கு ரெண்டு போடு."

"நீங்க ஏற்கெனவே நெறைய வாங்கிட்டீங்க," என்றாள். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். இந்தமுறை மேஸ்திரியாக அல்ல. தோட்டம், தொட்டி, பீப்பாய் எல்லாவற்றிலும் அவள் நாக்குத்தான் கடைசி வார்த்தை. இல்தா அம்மாள் சாகும்வரை அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள்.

கீதோ தண்டனை முடிந்து வந்தது தொண்ணூறாம் வருடம், தென்தே அறுவடைக்கு முந்தின நாள். நல்ல வெயில். தோமாசா அடிவாரத்தில் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேலே மோட்டார் ரம்பத்தின் சத்தம் கேட்டது. அறுவடை நேரத்தில் ரம்பத்துக்கு என்ன வேலை? செலெரினோவும் அவளும் ஓடினார்கள்.

பாறைக்குப் பக்கத்தில் கீதோ நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் பத்தொன்பது கொடிகள் அடியோடு அறுந்து, பழுத்த குலைகளோடு மண்ணில் சாய்ந்து கிடந்தன. நசுங்கிய பழத்தின் சாறு அவர் முழங்கால்வரை தெறித்திருந்தது.

"நிறுத்துங்க!"

"யாரு? ஓ, நீயா!" ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது. "இப்ப உன் நாக்குதான் இங்க முதலாளியாமே? எங்க தாத்தா வச்ச கொடி இது!"

"உங்க தாத்தா வச்சத நீங்கதானே வெட்டறீங்க!"

கீதோ ரம்பத்தை அவளை நோக்கிச் சுழற்றினார். தோமாசா கையிலிருந்த பெட்டியைக் குறுக்கே நீட்டினாள். ரம்பம் அதைக் கிழித்து இரண்டாக்கியது. பிளாஸ்டிக் துண்டு ஒன்று அவள் கன்னத்தைக் கோடு போட்டது. அவள் பின்னால் சரிந்தாள். கீதோ மறுபடி ஓங்கி இறக்கினார். பழைய கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்பு முளையில் பல் மாட்டி, ரம்பம் துள்ளி எகிறித் திரும்பியது. அவருடைய தொடைக்குள்ளேயே பாய்ந்தது.

ரத்தம் பீய்ச்சி அடித்தது. ரம்பம் தானாக நின்றுவிட்டது. திடீரென்று அந்தச் சரிவே அமைதியாகிவிட்டது.

"விட்டுடுக்கா," என்றான் செலெரினோ. "நாம ஒண்ணும் பண்ணல. அவனாவே பண்ணிக்கிட்டது."

தோமாசா அசையாமல் நின்றாள். அவளுக்கும் அதுதான் தோன்றியது. யாரும் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் உண்மையைச் சொன்னாலே போதும். கீதோ வாயைத் திறந்து திறந்து மூடினார். கை மண்ணைப் பிறாண்டியது.

அவள் மண்டியிட்டாள். தன் இடுப்புப் பட்டையை உருவி அவர் தொடையைச் சுற்றினாள். ஒரு கொடித்துண்டைச் செருகி முறுக்கினாள், அவர் அலறி மயங்கும்வரை முறுக்கினாள். செலெரினோவிடம் வண்டி கொண்டுவரச் சொன்னாள்.

நடுவில் கீதோவுக்கு நினைவு வந்தது. "ஏன் விடல?" என்று முனகினார்.

"சாகறதுன்னா வேற எங்கயாவது போய்ச் சாவுங்க. நாளைக்கு இங்க அறுவடை."

கீதோ பிழைத்தார். கால் பிழைக்கவில்லை. ஃபிரெஸ்னோ பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போனவர் அங்கேயே இருந்து அங்கேயே செத்தார். வெட்டுப்பட்ட பத்தொன்பதில் பதினொன்று மறுவசந்தத்தில் அடியிலிருந்து துளிர்த்தன. எட்டுக் கொடிகளை வேரோடு தோண்டி எடுத்து எரிக்க வேண்டியதாயிற்று. தோமாசா தன் கையாலேயே தோண்டினாள், யாரையும் உதவிக்கு விடவில்லை.

அந்த வருடத்துத் தென்தேயைச் சொன்ன நாளில்தான் அறுத்தாள். கன்னத்துத் தையலோடு விடிகாலையில் வரிசைக்கு வந்து நின்றாள். பதினான்கு மாதம் பீப்பாயில் கிடந்த பிறகு முதல் கோப்பையை ரென்சோவும் அவளும் எடுத்தார்கள். ரென்சோ பழக்கதோஷத்தில் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், பிறகு சிரித்துக்கொண்டு கீழே வைத்தார்.

"சொல்லு. எப்படி இருக்கு?"

தோமாசா வாயில் வைத்து உருட்டினாள். நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். துப்பவில்லை, விழுங்கினாள்.

"முரட்டுத்தனமா இருக்கு," என்றாள். "தொண்டைய அடைக்குது. இப்ப வெளிய அனுப்பாதீங்க. இன்னும் மூணு வருஷம் கெடக்கட்டும்."

"மூணு வருஷமா?"

"மூணு." கோப்பையைக் கழுவக் கொண்டுபோனாள்.