பன்னிரண்டு கிராம்

அந்த வீட்டு மூத்த மருமகளைப் பார்க்க வேண்டுமென்றால் கேக் அறைக்குத்தான் போக வேண்டும். முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு, ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். ஒன்பது வருடமாக அதுதான் அவள் உலகம். கடையில் எது விற்காவிட்டாலும் அவளுடைய வெண்ணெய் கேக் விற்றுவிடும். அந்தப் பெயரே அவள் காலைக் கட்டிப்போட்டது.

அவளுக்குத்தான் நூலகத்தில் வேலை கிடைத்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். மாமியார் போகாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கிக்கொள்கிற ஆளா அவர்? “தாராளமா போ. கை மாறினது வாங்குறவங்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். சின்னவ போடுற கேக்கும் உன்னோடது மாதிரியே வந்துடட்டும்” என்றார். கணவன் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

சர்க்கரையும் வெண்ணெயும் பாக்கெட் கணக்கு, தொல்லையில்லை. மாவுக்கு மட்டும் அவளுடைய கோப்பை. காது உடைந்து எத்தனையோ வருடமாகியும் தூக்கிப் போடாத பீங்கான் கோப்பை. கோப்பைக் கணக்கைக் கிராமுக்கு மாற்றிவிட்டால் தப்பித்தோம் என்று ஒரு தராசு வாங்கிவந்தாள். கோப்பையைத் தராசில் வைத்து, கரண்டியால் நிரப்பி, கத்தியால் வழித்தாள். மாவு மட்டும் நூற்றைம்பது கிராம். ஒரு கேக்குக்கு ஐந்து கோப்பை, ஆக எழுநூற்றைம்பது. அட்டையில் எழுதி ஓரகத்தியிடம் கொடுத்தாள்.

சின்னவள் கிராம் பிசகாமல் நிறுத்துப் போட்டாள். கேக் வறண்டு, உச்சி வெடித்து வந்தது. மறுநாளும் அதே கதை. நான்கு கேக் பாழ். மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, இன்னும் வரலையேம்மா என்பார். அந்தக் கனிவுதான் மூத்தவளுக்கு மூச்சை அடைத்தது.

முப்பதாம் தேதி காலை, அவசர ஆர்டர் ஒன்றுக்குத் தானே மாவை அள்ளினாள். தற்செயலாகக் கையைப் பார்த்தாள். நான்கு விரல் சுத்தம். கட்டைவிரல் மட்டும் அடிவரை வெள்ளை. காதில்லாத கோப்பையை விளிம்பில் பிடித்துப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே விட்டு அள்ளுவதே பழக்கமாகியிருந்தது. விரல் அடைத்துக்கொண்ட இடத்தில் மாவு எப்படி இருக்கும்? அள்ளியதை நிறுத்தாள். நூற்று முப்பத்தெட்டு. கோப்பைக்குப் பன்னிரண்டு கிராம் குறைவு. ஐந்து கோப்பைக்கு அறுபது. இத்தனை காலமும் தன் விரலையும் சேர்த்தே அளந்திருக்கிறோம் என்று நினைத்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஓடிப்போய் ஓரகத்தியிடம் சொன்னாள். அவள் தட்டைக் கழுவியபடியே நின்றாள்.

“முதல் நாளே பாத்தேன்க்கா.”

ஏன் சொல்லவில்லை என்று மூத்தவள் கேட்கும் முன் சின்னவளே சொன்னாள்: “கேக் சரியா வந்துட்டா நீங்க போயிடுவீங்க. அப்புறம் அந்தச் சுவரை நான்தானே பாத்துட்டு இருக்கணும்?”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூத்தவள் அட்டையை எடுத்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த எழுநூற்றைம்பதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை அடித்துவிட்டு அறுநூற்றுத் தொண்ணூறு என்று எழுதினாள். எழுதும்போது சின்னவளின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

சின்னவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிப் படித்தாள்.

“உங்க இடத்துல நான் இருந்தாலும் எழுதியிருப்பேன்க்கா” என்றாள். பிறகு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மாவு டப்பாவைத் தராசுப் பக்கம் நகர்த்தினாள்.