காது குத்துக்குப் போன வழி

எங்களுக்கு ஒரே மகள். கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. அதனால் அவள் பெண்ணுக்குக் காது குத்த நாள் குறித்தபோது, தாய்மாமன் மடிக்குப் பதிலாகத் தாத்தா மடியிலேயே பிள்ளை உட்காரட்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். பட்டர்வொர்த்தில் கோயில் மண்டபம், சாயங்கால நேரம். தோடு நான் வாங்கி வர வேண்டும். எங்கள் மலை டவுன் தானா ராத்தாவில் கடை கடையாக ஏறி இறங்கி, சிவப்புக் கல் வைத்த சின்னத் தோடு ஒன்றை வாங்கி வைத்திருந்தேன்.

மனைவி பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில்தான் இருந்தாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள். பிள்ளை தவழ்ந்து, பிடித்து நின்று, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது; அவள் திரும்பி வரவில்லை. வரச் சொல்லி நானும் கேட்கவில்லை. எனக்கு இங்கே மலைமேல் தேயிலை ஆலையில் சரக்கு அறை வேலை. ஓய்வு பெற இன்னும் காலம் இருந்தது. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் நான் மட்டும். இரண்டு பக்கமும் வெளிநாட்டுப் பையன்கள். பார்த்தால் சிரிப்பார்கள். அதற்கு மேல் பேச எங்களிடம் பொதுவாக எதுவும் இல்லை. சாயங்காலம் பனி இறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைப்பேன். பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்றுதான்.

மகள் போன தடவை வந்திருந்தபோது என் கைப்பேசியில் இரண்டு காரியம் செய்துவிட்டுப் போனாள். ஒன்று, கார் ஓட்டும்போது வழி சொல்வது. இன்னொன்று, நான் எங்கே இருக்கிறேன் என்பதை அவள் அம்மா தன் கைப்பேசியில் பார்த்துக்கொள்வது. வரைபடத்தில் நான் ஒரு நீலப் புள்ளி. மனைவிக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது, ஆனால் அந்தப் புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டாள். நான் பிரிஞ்சாங்கில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்க வண்டியை நிறுத்தினால்கூடப் போன் வரும்.

"என்னங்க, ரோட்டோரமா நிக்கிறீங்க? கார் கெட்டுப் போச்சா?"

"பசியாற நிக்கிறேன்."

"அப்படியா. சரி, சாப்புடுங்க."

அதற்காகவே சில நாள் நிறுத்தியதும் உண்டு.

காது குத்து சனிக்கிழமை. காலை அரை நாள் வேலைக்கும் விடுப்பு சொல்லிவிட்டேன். பட்டுச் சட்டை, புது வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். போய் இறங்கியதும் நேராக மண்டபத்தில் உட்கார்ந்துவிடலாம் என்ற கணக்கு. எஸ்டேட் ரோடு முடிந்து பெரிய ரோட்டில் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. பள்ளி விடுமுறை ஆரம்பித்திருந்தது. கியா பார்ம் பக்கம் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, ஒன்றும் நகரவில்லை. கைப்பேசியில் அந்த ரோடு முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே வேறு வழி காட்டியது. சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று, காய்கறித் தோட்டங்களுக்குள் புகுந்து, ஜாம் முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மலாய்க்காரப் பெண் குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன்.

அந்தப் பக்கம் தோட்டத்து ரோடுகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? லேண்ட்ரோவர் ஜீப் ஏறுகிற ரோடுகள் அவை. ஆனால் அன்றைக்கு என் மனசு முழுக்க மண்டபத்தில் இருந்தது. ஆரம்பத்தில் சிமெண்டு போட்டிருந்தார்கள். பிறகு கல். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரைகள், நடுவில் முந்தின நாள் மழையில் ஊறிய செம்மண். இறக்கம் ஒன்றில் பிரேக் பிடித்தேன். வண்டி நிற்காமல் மெதுவாக வழுக்கிப் போய், வாய்க்காலோரம் சரிந்து உட்கார்ந்தது. முன் சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு கண்ணாடி வரைக்கும் அடித்தது. கொஞ்ச நேரத்தில் கருகின வாடை வந்தது. அணைத்துவிட்டேன்.

கைப்பேசியில் வழி அப்படியே இருந்தது. சிக்னல் மட்டும் இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. வெறுங்காலோடு மேட்டுக்கு ஏறி, "யாராவது இருக்கீங்களா?" என்று தமிழிலும் மலாயிலும் கூப்பிட்டேன். எங்கேயோ நாய் மட்டும் குரைத்தது. கொட்டகைகள் பூட்டியிருந்தன. வந்த வழியே நடந்து பார்க்கலாம் என்று கொஞ்ச தூரம் போனேன். அதற்குள் பனி இறங்கிவிட்டது. ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில், எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்று பிடிபடவில்லை. கார் இருக்கிற இடமும் தவறிவிடுமோ என்று பயந்து திரும்பி வந்து, உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பட்டுச் சட்டையோடு முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். குளிர் எனக்குப் புதிதில்லை. ஆனால் பற்கள் அடித்துக்கொண்டன. இப்போது மண்டபத்தில் வாழை கட்டியிருப்பார்கள், இப்போது ஆசாரி வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். லயத்து வீட்டில் எத்தனையோ நாள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் போல இருந்ததில்லை. நான்கு மாநிலம் தாண்டியா இருக்கிறார்கள்? இதோ மலை இறங்கினால் போய்விடலாம். அப்படியிருந்தும் நான் எங்கே இருக்கிறேன் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போன நேப்பாளத்துப் பையன்கள் லேண்ட்ரோவரில் திரும்பி வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. என் கார் அவர்கள் வழியை அடைத்திருந்தது. ஒருவன் குனிந்து, கண்ணாடியருகே மாட்டியிருந்த கைப்பேசியைப் பார்த்தான்.

"ஜிபிஎஸ் கா, பாக்சிக்?" என்றான். பெரியவரே, இது சொல்லித்தான் வந்தீர்களா என்று கேட்கிறான். கேலி இல்லை. போன வாரம் கோலாலம்பூர்க் குடும்பம் ஒன்றை இதே இடத்தில் இழுத்து விட்டார்களாம். கயிறு கட்டி என்னையும் இழுத்து, பெரிய ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். ஒருவன் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சிக்னல் வந்ததும் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. நான் எடுப்பதற்குள் மனைவியே மறுபடி கூப்பிட்டாள்.

"என்னங்க!" அழுதாள். "புள்ளி நவரவே இல்ல. பள்ளத்துல போயிட்டீங்கன்னு... நான் என்னா நெனைக்கிறது? எஸ்டேட் கேட்டுக்குப் போன் போட்டேன், அவனுங்களுக்கு ஒண்ணும் தெரியல."

"எனக்கு ஒண்ணுமில்ல. சேத்துல மாட்டிக்கிட்டேன்."

மகள் கைப்பேசியை வாங்கினாள். "அப்பா, நீங்க அங்கயே பொறந்து வளந்தவரு லா. எப்படிப்பா அந்த ரோட்டுல போனீங்க?"

"பிள்ளைக்குக் குத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"நேரம் போயிருச்சுன்னு ஐயர் சொன்னாருப்பா. இவரோட பிரெண்டு மடியில வச்சு, ஆசாரி கொண்டாந்த கம்பியப் போட்டுக் குத்திட்டாங்க."

மனைவி மறுபடி வந்தாள். "பரவாயில்ல, இப்பவாச்சும் வாங்க. எவ்வளவு நேரமானாலும் நான் முழிச்சிருக்கேன்."

கியர் மாற்றினாலே கார் கத்தியது. அதைச் சொன்னேன். சரி, வீட்டுக்குப் போங்க என்றாள். அன்றைக்கு மகள் அனுப்பிய வீடியோவை அடுப்பருகே உட்கார்ந்து பார்த்தேன். யாரோ ஒரு வாலிபன், நல்ல பையன்தான், பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தான். அது வீறிட்டு அழுதது. பிறகு வாயில் சீனி வைத்ததும் சிரித்தது.

அடுத்த வாரம் பஸ் பிடித்துப் போனேன். தோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிட்டேன். அது என்னை உற்றுப் பார்த்துவிட்டு, பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதற்கு வீடியோ காலில் பார்க்கிற தாத்தா வேறு, நேரில் வந்திருக்கிற ஆள் வேறு. காது ஆறட்டும், அப்புறம் மாட்டலாம் என்று மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு நாளும் பிள்ளைக்குச் சோறு, தூக்கம், குளியல் என்று அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்து, கால் பட்டுவிடாமல் பொம்மைகளை ஒதுக்கி வைத்தேன். கிளம்புகிற அன்று காலையில்தான், என்ன நினைத்ததோ, பிள்ளை தள்ளாடி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அசையாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

பஸ் நிலையத்துக்கு மனைவி கூட வந்தாள். பிள்ளையை மகளிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் நடந்து வெகு காலம் ஆகியிருந்தது.

"வேலை முடிஞ்சதும் இங்கயே வந்துருங்க," என்றாள்.

"இங்க வந்து நான் என்னா செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம். இருங்க."

பஸ் வந்துவிட்டது. நான் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபோது அவள் எனக்குக் கை காட்டவில்லை. கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, தலை குனிந்து அந்த நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இன்னும் அவள் எதிரில்தான் இருந்தேன். கண்ணாடியைத் தட்டினேன். வெளியே கேட்கவில்லை.