என் பெயரில் இருந்த வாய் அச்சு

கலவரம் ஓய்ந்ததும் கம்பளையில் எரிந்துபோன பேக்கரிக்குள்ளிருந்து இரண்டு உடல்களை எடுத்துப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று அண்ணன், மற்றது அவனோடு மாவு பிசைந்தவர். எது யார் என்று சொல்ல முகம் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் தங்காத நான் அப்போது ஹுன்னஸ்கிரியவில் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். பாதி வழி நடந்து, மீதிக்கு லொறி பிடித்து வந்தேன்.

“ஆளு யாருன்னு தெரியாம தாலியக் கழட்ட மாட்டேன். நீங்க போய்ப் பாருங்க, தம்பி” என்றார் அண்ணி.

பற்களைப் பரிசோதித்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. பழைய பதிவு ஏதும் இருந்தால் பொருத்திப் பார்க்கலாம் என்றார். இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அண்ணன் அங்கேயே, மாணவர்கள் படிக்கும் பல் ஆஸ்பத்திரியில், பொய்ப்பல் கட்டியிருந்தான். அதற்காக எடுத்த வாய் அச்சை வைத்திருப்பார்கள். ஆனால் அது என் பெயரில் இருந்தது. மலையகத் தமிழர் பலரைப் போல அவனுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை; எனக்குக் கிடைத்திருந்தது. அடையாள அட்டை இல்லாதவனை அரசாங்க ஆஸ்பத்திரியில் விரட்டிவிடுவார்கள் என்று பயந்து என் அட்டையைக் கொண்டுபோயிருந்தான். என் அட்டையை அவனுக்குக் கொடுத்தது பொலிஸுக்குத் தெரிந்தால் என்னை உள்ளே போடுவார்கள். இருந்தாலும் சொன்னேன்.

டாக்டரம்மா அச்சை எடுப்பித்து, பதிவைப் பார்த்தார்.

“இதின்படி செத்தது நீர்தான்.”

“என் வாயப் பாருங்க டாக்டரம்மா. எல்லாப் பல்லும் இருக்கு. அது எங்க அண்ணன்.”

டோர்ச் அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டார். “பல்லுக் கட்ட இஞ்ச ஆரும் அட்டை கேக்கிறேல்லையே” என்றார் பிறகு. அண்ணனுக்கு அது தெரியாமல் போயிற்று.

பொய்ப்பல் எரிந்துவிட்டது. மிச்சமிருந்த பற்களை அச்சோடு வைத்துப் பார்த்தார். முதல் உடல் பொருந்தவில்லை. இரண்டாவது பொருந்தியது. அட்டை கொடுத்த கதையை அப்படியே எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கம்பளைக்குத் திரும்பி, டாக்டரம்மா கொடுத்த காகிதத்தை நீட்டினேன். அண்ணி அதை வாங்கவில்லை.

“எந்தப் பல்ல வச்சு சொன்னாங்க?”

மேல்வரிசையில் இடப்பக்கம், ஒன்று திரும்பி நிற்கும் என்று என் வாயில் தொட்டுக் காட்டினேன்.

“ஆமா, சிரிச்சா அதுதான் தெரியும்” என்றார் அண்ணி. பிறகு உள்ளே போய்த் தாலியைக் கழற்றினார்.