தேக்குக் கலர் அடித்த உத்தரம்

அன்று ராபர்ட்சன்பேட்டை மரக்கடையில் மூன்று பேர்தான் இருந்தோம்: முதலாளி, விற்பனைக்கு நான், கூரைக்கு உத்தரம் வாங்க ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பிலிருந்து வந்த பெரியவர்.

முதலாளி ஒரு மரத்தைத் தட்டி, "அசல் தேக்கு" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "மைன்ல முட்டு மரத்த நம்பி நின்னவன் நான். இப்போ பேரப்புள்ளைங்க இதுக்குக் கீழ தூங்கணும். நீ சொல்லுபா, தேக்கா?"

எதற்கும் பயந்து சாகிறவன் நான். ஆனாலும், "இல்லைங்க. மட்ட மரம், உத்தரத்துக்கு ஆகாது" என்றேன்.

"ஏழாவது ஃபெயிலு! மரத்தப் பத்தி உனக்கு இன்னாடா தெரியும்?" என்று முதலாளி கத்தினார்.

"இதுக்குத் தேக்குக் கலர் அடிச்சதே நான்தானே முதலாளி!"

அத்தோடு வேலை போனது. முன்பு எத்தனை வீட்டுக்கு இப்படி அடித்துக் கொடுத்தேனோ, அந்தப் பயம் போகவில்லை. அன்று சொன்னதற்கு மட்டும் வருத்தமில்லை. பயந்துகொண்டே திங்கட்கிழமைதோறும் அதே கடை வாசலில் நின்று கடைசி மாதச் சம்பளத்தைக் கேட்கிறேன். பாக்கி பதினோராயிரம் ரூபாய்.