நூறு கிலோவுக்குக் கீழே

எட்டு டன் இரும்பைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிப் பதினைந்தாவது மாடியில் கிடத்தத் தெரிந்தவளுக்கு, தன் உடம்பிலிருந்து பதினோரு கிலோவை இறக்கி வைக்கத் தெரியவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டுமே தெரியாது. ஆனால் அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் எல்லாரும் அவளை மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் கோபுரக் கிரேனின் லிஃப்டில் ஏறிப் போனால் மாலையில்தான் தரையைப் பார்ப்பாள். மேலே ஒரு கூண்டு, அதில் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள், காலடியில் கண்ணாடி. பதினோரு வருஷமாக அதுதான் அவளுடைய இடம். கீழே இருக்கும்போது அவளுக்கு யோசனை சொல்லாதவர்கள் இல்லை. மேலே போய்விட்டால் யோசனை சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் உரிமை, அதுவும் வாக்கிடாக்கியில்: கீழே நின்று சைகை காட்டும் குச்சி அண்ணன். மூன்று பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிடுவார்; ஆள் மட்டும் துடைப்பக்குச்சி. தின்பதெல்லாம் எங்கே போகிறது என்பது அந்த இடத்தில் யாருக்கும் பிடிபடாத மர்மம்.

வினை ஒரு சின்னத் தகட்டின் வடிவத்தில் வந்தது. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதியிருப்பதை எல்லாம் படிக்கும் கெட்ட பழக்கம் இருந்தது. உயரத்தில் ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்ளும் பெல்ட்டில், இத்தனை காலம் யாரும் சீண்டாத ஒரு தகட்டை அந்தப் பெண் படித்துவிட்டார். ஆள், உடை, கருவி எல்லாம் சேர்த்து நூறு கிலோ. உடனே எடை பார்க்கும் மெஷின் வந்தது, வரிசை நின்றது.

"நூத்திப் பதினொண்ணு," என்றார் அதிகாரி, மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி. மரியாதை வீண். வரிசையின் கடைசி ஆள்வரை அது போய்ச் சேர்ந்துவிட்டது.

"இந்தக் கிரேன்ல லிஃப்ட் இருக்கு, பரவால்ல. அடுத்த கட்டடத்துக்கு வரப்போற கிரேன்ல ஏணி மட்டும்தான்."

"பெரிய பெல்ட் வாங்கிக் குடுங்க மேடம்."

"பெல்ட் வாங்கலாம். ஏணியோட ஓடுற பிடிப்பானும் நூறுக்குத்தான். நீங்க விழுந்தா அது பிடிக்கணும். பிடிக்கும்னு என்னால கையெழுத்துப் போட முடியாது."

"பதினோரு வருஷமா நான் விழுந்ததில்ல."

"விழுந்திருந்தா நாம பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

மூன்று மாதம் கெடு. அதற்குள் நூறுக்குக் கீழே வந்தால் புதுக் கிரேன். வராவிட்டால் ஸ்டோரில் கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஸ்டோர் வேலை மோசமானதல்ல. நிழல் உண்டு, மின்விசிறி உண்டு. அவளுக்கு அது நாடு கடத்தல்.

உலகத்துக்கு வைத்தியம் சொல்லும் பொறுப்பைத் தானாக ஏற்றிருந்த நாத்தனார், தன் போனிலிருந்து ஒரு திட்டத்தை எடுத்துக் கொடுத்தாள். காலையில் கறுப்புக் காப்பி. மதியம் ஒரு முட்டை, ஒரு வெள்ளரிக்காய். ராத்திரி ஒரு கிண்ணம் சூப். "பத்தே நாள்ல பாருங்க அண்ணி, நீங்களா இதுன்னு கேப்பாங்க."

கிரேன் ஓட்டுகிறவளுக்கு இது நியாயமாகப் பட்டது. கைப்பிடியை ஒரு பல் தள்ளினால் சுமை மெதுவாக இறங்கும். மூன்று பல் தள்ளினால் வேகமாக இறங்கும். உடம்பும் ஒரு சுமைதானே? முதல் நாளே மூன்றாவது பல்லுக்குத் தள்ளிவிட்டாள். வசதியும் இருந்தது. கூண்டில் ஆசை காட்டக் கடை கிடையாது, பக்கத்தில் இருந்து பணியாரம் நீட்ட ஆளும் கிடையாது. கிரேன் ஓட்டுகிறவர்களே இறங்கி ஏறச் சோம்பிக்கொண்டு தண்ணீரையே அளந்து குடித்துப் பழகிய கூட்டம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் அதே முறையில் செலவழிக்கப் பார்த்தாள்.

முதலில் மளமளவென்று ஐந்து கிலோ போனது. கொத்தனார்கள் கைதட்டினார்கள். போனதில் பெரும்பங்கு தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. வாழ்த்துகிற இடத்தில் அதைச் சொல்வது நாகரிகமும் இல்லை. இன்னும் இரண்டு கிலோ முக்கி முனகி இறங்கியது. அப்புறம் முள் நூற்றி நான்கில் போய் உட்கார்ந்துகொண்டது. சொந்த வீடு மாதிரி உட்கார்ந்துகொண்டது. அவள் சூப்பைப் பாதியாக்கினாள். முள் அசையவில்லை. முட்டையின் மஞ்சள் கருவை விலக்கினாள். அதற்கும் அசையவில்லை.

அவளுடைய கணவர் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். அவருக்கு இது குடும்ப மானப் பிரச்சினை.

"முந்நூறு பேருக்குச் சமைச்சுப் போட்டுட்டு வர்றேன். என் வீட்ல ஒருத்தி பட்டினி. வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

"சொல்லாதீங்க."

"நான் சொல்லவே வேணாம், உன் மூஞ்சி சொல்லுது. இங்க பாரு, கேஸ் தீரப் போகுதுன்னா நான் என்ன பண்ணுவேன்? அடுப்பைச் சிம்முல வைப்பேன். உன் உடம்பும் சிம்முக்குப் போயிடுச்சு. வயிறாரச் சாப்பிடு, தானா இளைக்கும்."

"சாப்பிட்டா இளைக்கும்னா உங்க ஹாஸ்டல் பசங்க எல்லாம் நூலா இருக்கணுமே."

"இருக்காங்களே! என் சமையல் அப்படி."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குக்கூட ஏதோ செலவாகும் போலத் தோன்றியது. உச்சி வெயிலில், கண்ணாடிக் கூண்டுக்குள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. முன்பெல்லாம் வாக்கிடாக்கியில் பாட்டு முணுமுணுப்பாள், காலால் தாளம் போடுவாள், சுமைக்கும் சுமைக்கும் நடுவே எழுந்து நின்று முதுகை நிமிர்த்துவாள். இப்போது வைத்த இடத்தில் வைத்த பொருள் மாதிரி இருந்தாள். வாரத்தில் ஒருநாள் மட்டும், சமையலறையில் நின்றபடியே, அரைப் பாக்கெட் ரொட்டி காணாமல் போகும். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. நின்றுகொண்டு தின்றது சாப்பாடே ஆகாது என்பது எல்லா நாட்டிலும் செல்லுபடியாகும் சட்டம்.

ஒருநாள் காலை, ஒரு கட்டு இரும்புக் கம்பியைத் தூக்கி மாடி விளிம்புக்குக் கொண்டுபோனாள்.

"மெதுவா... மெதுவா... நிறுத்து தங்கச்சி," என்றார் குச்சி அண்ணன்.

அவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. கேட்டதற்கும் கை நகர்ந்ததற்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது. யாரோ சொன்னதை யாரோ வந்து அவளிடம் சொன்ன மாதிரி. கம்பிக் கட்டு விளிம்பைத் தாண்டிப் போய்ச் சாரத்தில் இடித்தது. இரண்டு குழாய்கள் கழன்று வலையில் விழுந்தன. வலைக்குக் கீழே யாரும் இல்லை. ஆனால் சாரத்தின் மறுமுனையில் ஒரு கொத்தனார் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி ஓடி வந்தார். வாக்கிடாக்கி எல்லாருக்கும் கேட்கும்படி திறந்திருந்தது.

"காத்து மேடம்," என்றார் குச்சி அண்ணன். "திடீர்னு ஒரு காத்து."

அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. இருந்தாலும் அதை அப்படியே விட்டிருந்தால் காற்றின் மேல் யாரும் வழக்குப் போட்டிருக்கப் போவதில்லை.

"காத்து இல்லண்ணே," என்றது மேலேயிருந்து குரல். "நான்தான். கை லேட்டாப் போச்சு. சுமையை இறக்கிட்டு நானும் இறங்குறேன்."

"ஏய், சும்மா இரு தங்கச்சி!"

"உங்க தலைக்கு மேல தூக்குறவ நான். நீங்களே காத்துன்னு சொன்னா எப்படி?"

கீழே வந்து, என்ன சாப்பிடுகிறாள் என்பதை அதிகாரியிடம் அவளே சொன்னாள். டாக்டர் சான்றிதழ் வரும்வரை கூண்டு கிடையாது என்று முடிவாயிற்று. எந்த ஸ்டோருக்குப் போகக்கூடாது என்று பட்டினி கிடந்தாளோ, அந்தப் பட்டினியே அவளைக் கெடுவுக்கு முன்னதாக அங்கே கொண்டு சேர்த்தது.

டாக்டர் ரத்தம் பார்த்தார், பெரிய கோளாறு இல்லை என்றார், உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் அம்மாவும் குண்டுதான்; பூசினாற்போல்கூட இல்லை, நன்றாகவே பூசியிருந்தார். கணவருக்கு அதில் சந்தேகம் வந்தது. அவளுக்கு அதில்தான் நம்பிக்கை வந்தது.

"அடுப்பு சிம்முல இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன் டாக்டரம்மா," என்று ஆரம்பித்தார் கணவர்.

"பாதி சரி. உடம்பு செலவைக் குறைச்சிருக்கு. ஆனா நிறுத்தல. நிறுத்திட்டா ஆளே இருக்க மாட்டாங்க. 'நிறையச் சாப்பிட்டா இளைக்கும்'னு சொன்னீங்களாமே, அது சுத்தமா தப்பு."

"அப்ப முள்ளு ஏன் நகரல?" என்றாள் அவள்.

"சின்ன உடம்புக்குச் சின்னச் செலவு. நீங்க இளைச்ச அளவுக்குத் தேவையும் குறையும், அது இயற்கை. பட்டினின்னு தெரிஞ்சதும் உடம்பு அதுக்கும் மேல கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணும். அதான் குளிருது. உங்களைக் கேக்காமலே ஆடுறது, நடக்குறது, பாடுறது எல்லாத்தையும் குறைச்சிடும். கொழுப்போட சேர்த்துத் தசையும் போகும். தண்ணி வேற தேங்கி நின்னு, உள்ள குறையுறதை முள்ளுக்குக் காட்டாம மறைக்கும். அப்புறம்..." ஆலோசகர் பேனாவை மூடினார். "நின்னுக்கிட்டு என்ன சாப்பிடுறீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். "ரொட்டி."

"எந்த ரொட்டி?" என்றார் கணவர்.

"அது அவங்க தப்பு இல்ல. அவ்வளவு பசியை அடக்கினா ஒருநாள் அது சுவர் ஏறிக் குதிக்கும்."

மூன்று வேளை சாப்பாடு. முட்டை, மீன், பருப்பு, காய், அளவாகச் சோறு. தேவைக்குக் கொஞ்சம் மட்டும் கீழே. தினமும் நடை, பாரம் தூக்கிப் பயிற்சி. கேட்டுக்கொண்டே வந்தவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கெடுவுக்குள்ள நூறுக்குக் கீழ வருமா?"

"வாக்குக் குடுக்க மாட்டேன். முதல்ல ஒண்ணு ரெண்டு கிலோ ஏறக்கூடச் செய்யும்."

"எப்பவாவது வருமா?"

"வரும். மெதுவா வரும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கணவர் மெல்லச் சொன்னார்: "ஸ்டோர் வேலையும் நல்ல வேலைதான்."

"நல்ல வேலைதான். நான் பார்க்க மாட்டேன்," என்றாள். "ராத்திரிக்கு என்ன சமைக்கப் போறீங்க?"

ஆலோசகர் சொன்னபடியே முதல் வாரம் இரண்டு கிலோ ஏறியது. நாத்தனார் போனில் வந்தாள்.

"என்ன அண்ணி, விட்டுட்டீங்களாமே?"

"ஆமா. பட்டினியை விட்டுட்டேன்."

பட்டினி கிடக்க வைராக்கியம் வேண்டும் என்பார்கள். முள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து, தட்டில் போட்டுக்கொண்டு, மென்று சாப்பிட அதைவிடப் பெரிய வைராக்கியம் வேண்டும். முதல் வேலைக்குப் பாராட்டு உண்டு. இரண்டாவதற்கு ஏளனம்தான் உண்டு. அவள் ஏளனத்தையும் சேர்த்து மென்றாள். ஸ்டோரில் ஒருவர் கையுறை கேட்டால் ஜன்னல் வழியாக நீட்டாமல் அவர் நிற்கும் மாடிக்கே படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைக்கவசப் பெட்டிகளை இந்த அலமாரியிலிருந்து அந்த அலமாரிக்கு மாற்றினாள், மறுநாள் திருப்பி மாற்றினாள். ஸ்டோர் மேற்பார்வையாளர் இவளுக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று பயந்து ஒரு வாரம் தள்ளியே நின்றார். ஸ்வெட்டர் அலமாரிக்குப் போனது. முள் தண்ணீரை இறக்கிவிட்டு, அப்புறம் வாரத்துக்கு அரைக் கிலோ, சில வாரம் ஒன்றுமே இல்லை என்று நடந்தது.

கெடு நாளன்று எல்லாரும் கூடிவிட்டார்கள். டாக்டர் சான்றிதழ் கையில் இருந்தது. கை லேட்டாகப் போகும் கதை முடிந்திருந்தது. பூட்ஸ், பெல்ட் சகிதம் மெஷினில் ஏறினாள். நூற்றி ஒன்று.

குச்சி அண்ணன் குனிந்து காதோடு சொன்னார்: "பூட்ஸைக் கழட்டிட்டு இன்னொரு தடவை ஏறு."

அதிகாரி அந்த நேரம் பார்த்து எதிரிலிருந்த தகரச் சுவரை மிகுந்த அக்கறையோடு ஆராய ஆரம்பித்தார்.

"ஏணியில வெறுங்காலோடயா ஏறப்போறேன்?" என்றாள் மேலக்கா. மெஷினிலிருந்து இறங்கினாள். "அடுத்த எடைத் தேர்வு எப்ப மேடம்?"

"நாலு மாசம் கழிச்சு. ஆனா கிரேனுக்கு இப்பவே வேற ஆள் போட்டாகணும்."

"போடுங்க. அவரு லீவு எடுக்கிற நாளைக்கு ஒரு ஆள் வேணும்ல? அதுக்கு என் பேரை எழுதி வைங்க."

அதிகாரி எழுதினார். மற்றவர்கள் அனுதாபம் சொல்ல வரிசையாக வந்தார்கள். அவள் மதியச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லிப் போய்விட்டாள்.

அந்த நாலு மாதத்தில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை, அதுதான் அதன் சிறப்பு. சாப்பிட்டாள், நடந்தாள், பெட்டி தூக்கினாள். தேர்வில் பூட்ஸோடு தொண்ணூற்றேழு. உறவுக்காரர்கள் பார்த்துவிட்டு, "இளைச்ச மாதிரியே தெரியலையே" என்றார்கள். உண்மைதான். அவள் இன்னும் குண்டுப் பெண்தான். நூறு கிலோவுக்குக் கீழே இருக்கும் குண்டுப் பெண்.

புதுக் கிரேன்காரர் பல்வலி என்று லீவு போட்ட ஒரு காலையில் அவளைக் கூப்பிட்டார்கள். பிடிப்பானைப் பெல்ட்டில் மாட்டி, ஒரு தடவை பலமாக இழுத்துப் பார்த்தாள். ஏறினாள். இடைத்தளம் வந்தபோதெல்லாம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். அவசரம் அவளுக்கு விட்டுப் போயிருந்தது. கீழே குச்சி அண்ணன் கழுத்து சுளுக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டின் கதவு சாத்தும் சத்தம் வாக்கிடாக்கியில் கேட்டது.

"போய்ச் சேந்துட்டியா தங்கச்சி? கொஞ்சம் உக்காரு, மூச்சு வாங்கு."

"வாங்கியாச்சுண்ணே. முதல்ல எதைத் தூக்கணும், சொல்லுங்க."